கடற்பொறியாளர் ஆக விரும்புவோர் கல்லூரிக் கட்டணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

வணிகக் கப்பலில் பொறியாளராக விரும்பும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்தக் கல்லூரி நல்லது, சம்பளம் எவ்வளவு வரும் என்ற இரண்டைத்தான். படிப்பை முடித்தபின் பயிற்சிக்காக ஏற வேண்டிய முதல் கப்பலை யார் தருவார்கள் என்பதை அவற்றுக்கு முன்பே கேட்டாக வேண்டும். பட்டம் கையில் இருந்தாலும், கடலில் குறைந்தது 6 மாதப் பயிற்சியை முடிக்காமல் பொறியாளர் தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. அந்தப் பயிற்சி இடத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் அலைந்து, கடைசியில் கரையிலேயே வேறு வேலை தேடிக்கொண்டவர்கள் ஏராளம்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு நேரான வழி, நான்கு ஆண்டு மரைன் இன்ஜினியரிங் பி.டெக். 2008-இல் தொடங்கப்பட்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இதற்கான பொது நுழைவுத் தேர்வை நடத்துகிறது. அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 விழுக்காடும், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. இயந்திரவியலில் ஏற்கெனவே பி.இ. முடித்தவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஜி.எம்.இ. எனப்படும் பட்டதாரிகளுக்கான மரைன் இன்ஜினியரிங் படிப்பும், மின்னியல், மின்னணுவியல் பட்டதாரிகளுக்கு இ.டி.ஓ. எனப்படும் மின்தொழில்நுட்ப அதிகாரிப் பயிற்சியும் இருக்கின்றன. கடல் வாழ்க்கை ஒத்துவருமா என்று உறுதியாகத் தெரியாத ஒருவருக்கு பி.இ. முடித்துவிட்டு ஜி.எம்.இ. வழியாக வருவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. கடல் பிடிக்காமல் போனாலும் கையில் இருக்கும் பட்டம் கரையில் எங்கும் செல்லும்.

எந்த வழியில் வந்தாலும், ஒரு கப்பல் நிறுவனம் ‘படிப்பை முடித்தால் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்கிறோம்’ என்று எழுத்தில் தரும் ஸ்பான்சர்ஷிப் கடிதத்தைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பெற முயல வேண்டும். ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று விளம்பரம் செய்யும் கல்லூரியிடம், கடந்த இரண்டு மாணவர் அணிகளில் எத்தனை பேர் எந்த நிறுவனத்தின் கப்பலில் ஏறினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சு மாறினால் அதுவே போதுமான பதில். இந்தியாவில் கடலோடிகளை வேலைக்கு அனுப்பும் முகவர்கள், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் அவர்கள் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். லட்சக்கணக்கில் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், அவர் எந்த ஊர்க்காரராக, எவ்வளவு நெருங்கிய உறவினருக்குத் தெரிந்தவராக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. பொறியாளர்களுக்குக் கண்ணாடி ஓரளவு வரை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் நிறக்குருடு இருந்தால் வழியில்லை. இயக்குநரகத்தால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் முன்கூட்டியே பார்த்துவிட்டால் நான்கு ஆண்டுப் படிப்பு வீணாகாது. இண்டோஸ் எனப்படும் கடலோடிப் பதிவு எண், சி.டி.சி. எனப்படும் கடலோடிப் புத்தகம், தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி முதலிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் கல்லூரியே முடித்துத் தந்துவிடும்.

முதல் கப்பலில் ஏறியதும் செய்ய வேண்டிய வேலை எதையும் பழுது பார்ப்பதல்ல; குழாய்வழிகளைத் தேடி வரைவதுதான். எரிபொருள் மாற்றும் வழி, பில்ஜ் (கப்பலின் அடியில் சேரும் கழிவுநீர்), பாலஸ்ட் (கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் நீர்), தீயணைப்பு நீர், குளிர்விக்கும் நீர் என ஒவ்வொன்றையும் தொட்டியிலிருந்து பம்ப் வரை, பம்பிலிருந்து கடைசி வால்வு வரை காலால் நடந்து, கையால் தொட்டு, நோட்டில் வரைந்து கொள்ள வேண்டும். தரைத் தகட்டுக்கடியில் குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து எழுதியவரை, செகண்ட் இன்ஜினியர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். முதல் வாரத்துக்குள்ளாகவே அவசர தீயணைப்பு பம்ப், உயிர்காப்புப் படகின் இன்ஜின், அவசர ஜெனரேட்டர் ஆகிய மூன்றையும் இருட்டிலும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் முற்றிலும் போனால் 45 விநாடிக்குள் அவசர ஜெனரேட்டர் தானாகச் சுமையை ஏற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அது ஏற்காத நாளில் ஓடிப்போய் இயக்க வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

பெரிய சரக்குக் கப்பல்களில் முதன்மை இன்ஜின் பெரும்பாலும் இரண்டு வீச்சு டீசல் இன்ஜின். மூன்று மாடி உயரம் இருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று அல்லது அதற்கும் குறைவாகவே சுழன்று, கியர் இல்லாமல் நேரடியாக உந்துசுழலியைச் சுழற்றும். ஆனால் புதியவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது அந்த இன்ஜின் அல்ல. எரிபொருளிலிருந்து நீரையும் கசடையும் பிரிக்கும் பியூரிஃபையர் போன்ற துணை இயந்திரங்களே. இரவில் ஆளில்லாமல் ஓடும் இயந்திர அறையில் இரண்டு மணிக்கு அலாரம் அடித்து, உங்கள் அறை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கியதும் முதலில் தனி ஆள் காவல் அலாரத்தை இயக்க வேண்டும்; நீங்கள் மயங்கி விழுந்தால் மேலே தெரிவிப்பது அதுதான். பியூரிஃபையரில் எண்ணெய் கசடு போகும் வழியாக வெளியே போகிறது என்றால் உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது. எரிபொருளின் வெப்பம் 98 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறதா, உள்ளே சுழலும் கிண்ணத்தை மூடிவைக்கும் இயக்கநீர் வருகிறதா, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் நீர்த்தடைக்குப் போதிய நீர் விடப்பட்டதா, எண்ணெய் வரத்து அளவுக்கு மீறிப் போனதா என்று வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் கிண்ணத்தைக் கழற்றாமலேயே காரணம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் தெரியாவிட்டால்தான் கழற்றி சீல் வளையத்தைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் அனுபவமுள்ள மோட்டார்மேன் (இயந்திர அறைப் பணியாளர்) ஒருவர் உடன் இருந்தால் அவரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பொறுப்புகள் வழக்கமாக இப்படிப் பிரியும். ஃபோர்த் இன்ஜினியருக்குப் பியூரிஃபையர், காற்று அமுக்கிகள், எரிபொருள் ஏற்றும்போது உதவி. தேர்டு இன்ஜினியருக்கு ஜெனரேட்டர்களும் கொதிகலனும். செகண்ட் இன்ஜினியருக்கு முதன்மை இன்ஜினும் அன்றாட வேலைப் பங்கீடும். சீஃப் இன்ஜினியர் மொத்தத்துக்கும் பொறுப்பு. கணக்கு, உதிரிப்பாகம், எரிபொருள், அலுவலகத்துடன் கடிதப் போக்குவரத்து என அவருடைய நாளில் பாதி மேசையில் கழியும்.

இந்தத் தொழிலில் சிறைக்கு அனுப்பக்கூடிய பொருள் ஒரு புத்தகம்: எண்ணெய்ப் பதிவேடு. பில்ஜில் சேரும் எண்ணெய் கலந்த நீரைப் பிரிப்பான் வழியாக, எண்ணெய் 15 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 15 பங்கை) மீறாத அளவில், கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது மட்டுமே கடலில் விடலாம் என்கிறது, கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கை. பிரிப்பான் பழுதான கப்பல்களில், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாயை மாட்டி நேரே கடலில் விட்டுவிட்டு, பதிவேட்டில் பொய் எழுதியதற்காகப் பொறியாளர்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே தகவல் தருபவருக்கு அபராதத்தில் பாதிவரை வெகுமதியாகக் கிடைக்கலாம். அதனால் மேலதிகாரி யார் சொன்னாலும், நீங்கள் செய்யாத செயலுக்கு உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். அதுபோலவே, மூடிய தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பதறி இறங்கி இறந்தவர்கள் உண்டு. ஆக்சிஜன் அளவு பார்க்காமல், வாசலில் ஆள் நிறுத்தாமல், அனுமதிச் சீட்டு எழுதாமல் உள்ளே தலையை நீட்டவும் கூடாது.

பயிற்சிப் பதிவேட்டை மாதா மாதம் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இறங்கும் நாளில் சீஃபைத் தேடி ஓடினால் அவர் பொறுமையாகப் படித்துக் கையெழுத்திட மாட்டார். பணிச்சான்றில் இன்ஜினின் கிலோவாட் திறனும் ஏறி இறங்கிய தேதிகளும் சி.டி.சி.யில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று கப்பலிலேயே சரிபாருங்கள். கரைக்கு வந்தபின் திருத்துவது பெரும்பாடு. பிறகு பொறியாளர் தகுதிச் சான்றிதழுக்கான முதல் தேர்வு, எம்.இ.ஓ. கிளாஸ் 4. எழுத்துத் தேர்வைவிட வாய்மொழித் தேர்வில் இடறுபவர்கள் அதிகம். நூலில் படித்ததை ஒப்பிப்பவரைத் தேர்வாளர் விடமாட்டார். ‘உன் கப்பலில் அந்த வால்வு எங்கே இருந்தது’ என்று கேட்பார். குழாய்வழி வரைந்த நோட்டு அங்கே கைகொடுக்கும். அடுத்து கிளாஸ் 2, கிளாஸ் 1; ஒவ்வொன்றுக்கும் இடையே மேலும் கடற்பணிக் காலம் சேர வேண்டும்.

ஒப்பந்தக் காலம் பொறியாளர்களுக்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம், பயிற்சியாளருக்கு அதைவிடக் கூடுதல். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு தரப்பட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. துறைமுகங்கள் அடுத்தடுத்து வரும் கப்பலில் இது ஏட்டில் மட்டும் ஒழுங்காக இருப்பதும் உண்டு. பல நிறுவனங்களில் விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது என்பதால், மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வீட்டுக்கடன் வாங்குவது ஆபத்து. நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வருமானவரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படலாம். ஏறி இறங்கும் தேதிகளைக் குறித்து வைத்துக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்துக்காகக் கரைக்கு வர நினைப்பவர்கள் கிளாஸ் 1 எடுப்பதற்கு முன்பே இறங்கிவிடக் கூடாது என்பேன். கப்பல் நிறுவனங்களின் கண்காணிப்பாளர் வேலை, கப்பல்களின் தரத்தை ஆய்வு செய்து சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் சர்வேயர் வேலை, கடல்சார் கல்லூரி ஆசிரியர் வேலை ஆகியவற்றுக்கு அந்தச் சான்றிதழும் உயர்பதவியில் கடற்பணி செய்த அனுபவமும் இருப்பவர்களுக்கே முன்னுரிமை. இயற்கை எரிவாயுவிலும் மெத்தனாலிலும் ஓடும் கப்பல்கள் பெருகிவருவதால், அந்த எரிபொருள்களைக் கையாளும் கூடுதல் பயிற்சியை இளநிலைப் பதவியில் இருக்கும்போதே முடித்துவைப்பது அடுத்த ஒப்பந்தத்துக்கும் உதவும், பின்னாளில் கரை வேலைக்கும் உதவும்.