பழைய லேப்டாப்ப தேத்தலாமா, புதுசு வாங்கிரலாமா?

செங்கோட்டைல சாரல் ஆரம்பிச்சா போதும், யாராவது ஒரு லேப்டாப்ப கட்டப்பைல சுத்தி எடுத்துட்டு வந்து "இது தேறுமா தம்பி, இல்ல புதுசு பாக்கவா"ன்னு நிப்பாங்க. கடைக்காரர்ட்ட கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே அஞ்சு நிமிசம் பாத்துருங்க, ஏன்னா அவருக்கு வித்தாதான் காசு.

எங்க மதினி கதையே இதுதான். டியூசன் கணக்கு, நோட்ஸ் எல்லாம் அதுலதான், ஆன் பண்ணிட்டு காபி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திட்டே இருக்கும். ஒரு கடைல மதர்போர்டு போச்சுன்னுட்டாங்க. நான் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கி, எந்தப் பாகம் எவ்ளோ வேல பாக்குதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர்ல பாத்தா டிஸ்க் 100%ல நிக்குது, சிபியு 10% கூட இல்ல. பிராசஸர் சும்மா உக்காந்திருக்கு, பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குது, அவ்ளோதான் விசயம். அத எடுத்துட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டேன், இப்போ அரை நிமிசத்துல ரெடி. ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி கிட்ட படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல, அதுபோக துண்டு துண்டா கிடக்குற ஃபைல தேடி எடுக்குறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்து பிராசஸர் நம்பர். ஐ5-8250ன்னு இருந்தா கோடுக்கு அப்புறம் வர்ற 8தான் ஜெனரேசன், 1135ன்னு இருந்தா 11. இன்டெல்னா பெரும்பாலும் 8லருந்துதான் விண்டோஸ் 11 முறையா ஏறும், விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. அதனால 8ஓ அதுக்கு மேலயோ இருந்து, அதே டாஸ்க் மேனேஜர்ல மெமரியும் (ரேம்தான் அது) 80, 90%னு நின்னா எஸ்எஸ்டியோட ரேமும் ஏத்துங்க, 8 ஜிபியாவது வேணும், 16 இருந்தா நிம்மதி. ஆனா ஒல்லி மாடல் நிறையத்துல ரேம போர்டுலயே பத்த வச்சிருப்பான், மாத்த முடியாது, வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பர் போட்டுப் பாத்துக்கிடுங்க. 2025 கடைசிலருந்து ரேம் விலை வேற எகிறிட்டு.

கவர்மெண்டு 2011லருந்து பிள்ளைங்களுக்குக் குடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீட்டு பீரோ மேல இருக்கு. அந்த ஆரம்ப காலத்து மாடல்ல டிடிஆர்3ங்கிற பழைய வகை ரேம்தான், அடுத்த வகையான டிடிஆர்4 அதுல பொருந்தாது. சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு, விண்டோசுக்குப் பதிலா இலவசமா கிடைக்குற லினக்ஸ் மின்ட், அதோட நிறுத்திருங்க. டைப்பிங், பாட்டு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஓடும், ஆனா கடைக்கணக்கு எழுதுற டேலியெல்லாம் அதுல ஓட்டணும்னா அடம்பிடிக்கும்.

பின்பக்கம் கழட்டும்போது போர்டுல பச்சையா களிம்பு ஏறியிருக்கான்னு பாருங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு இது சகஜம். இருந்தா ஒத்தப் பைசா போடாதீங்க. மடக்குற ஹின்ஜ் உடைஞ்சு ஸ்கிரீனும் கோடு விழுந்து பேட்டரியும் உப்பியிருந்தா அதுவும் அப்படித்தான். என் கணக்கு, ரிப்பேர் செலவு புதுசோட விலைல மூணுல ஒரு பங்க தாண்டுனா விட்ரணும். உப்புன பேட்டரிய மட்டும் சார்ஜ்ல போட்டு வைக்காதீங்க.

புதுசுதான்னு முடிவாச்சுன்னா, மலைய தாண்டி கேரளா பக்கம் புனலூர்ல சல்லிசா கிடைக்கும்னு சொல்றத அப்படியே நம்பிறாதீங்க. 2017 ஜூலை 1லருந்து ரெண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி, லேப்டாப்புக்கு 18%. ஓணம் ஆஃபர் நேரத்துல போனா ஏதாவது பேரம் படியலாம், இங்க தீபாவளிக்கும் அதே கததான். பஸ் காசும் சேத்துக் கணக்குப் போடுங்க, சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னும் கேளுங்க. 8 ஜிபி ரேம போர்டுலயே பத்த வச்சு, கூட ரேம் சொருக காலி ஸ்லாட்டே இல்லாதத மட்டும் வாங்கவே வாங்காதீங்க.

கழட்டுன ஹார்ட் டிஸ்க்க கடைல விட்டுட்டு வராதீங்க, ஃபோட்டோ, ஆதார் காப்பி எல்லாம் அதுலதான் கிடக்கும். ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டா பேக்கப்புக்கு ஆச்சு, மதினி அதுல பழைய கொஸ்டின் பேப்பரா ரொப்பி வச்சிருக்காங்க.