ஹெதர் புதரில் வீம்பு வேண்டாம்: இங்கிலாந்தின் பழைய ஹீத்லாந்து கோல்ஃப் மைதானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் பரந்து கிடக்கும் ஹீத் எனப்படும் நிலம், அமிலத்தன்மை கொண்ட, சத்தற்ற மண். உழவுக்கு ஆகாது என்று பல நூற்றாண்டுகளாக மேய்ச்சலுக்கு விடப்பட்டது. ரயில் பாதைகள் வந்த பிறகு, மழை பெய்தாலும் நீர் எளிதில் வடிந்துவிடும் அந்த வெளி கோல்ஃபுக்கு வாய்ப்பான இடம் என்று நகரத்துக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1893-இல் வோக்கிங், 1901-இல் சன்னிங்டேல், 1904-இல் வால்டன் ஹீத், 1909-இல் ஸ்வின்லி ஃபாரஸ்ட் என்று அடுத்தடுத்து வந்த தனியார் கிளப் மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே விருந்தினராக ஆடப் போகிறவர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வருபவை அல்ல. தண்ணீர் ஊற்றி வளர்த்த பசும்புல் மைதானத்தில் பழகிய கணக்கை இங்கேயும் போடுவதால் வருபவை.

முதல் தவறு ஹெதரில் நடக்கிறது. ஆகஸ்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் இந்தச் செடி பல இடங்களில் கணுக்கால் உயரம்கூட இருக்காது. பார்வைக்கு மெத்தை போலிருக்கும். குனிந்து தொட்டுப் பார்த்தால்தான் அதன் தண்டு துடைப்பக்குச்சி போல விறைத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். மட்டை உள்ளே இறங்கியதும் இந்தத் தண்டுகள் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மட்டையின் முகம் உட்பக்கமாகத் திரும்பி, வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கமாகத் தாழப் பாய்ந்து அடுத்த புதரில் விழும். முதன்முறை இப்படியொரு மைதானத்தில் ஆடியபோது, பந்தின் மேற்பாதி கண்ணுக்குத் தெரிகிறதே என்ற துணிச்சலில் தூரம் அடிக்க உதவும் ஐந்தாம் எண் இரும்பு மட்டையை எடுத்தேன். பந்து நாலடி நகர்ந்தது, மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. இரண்டாவது அடிக்கும் அதே மட்டையையே எடுத்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. கையிலிருப்பதில் அதிகச் சாய்வுள்ள வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் குறுகிய மட்டை) எடுத்து, பிடியை இறுக்கி, செங்குத்தாக இறக்கி, மிக அருகிலுள்ள ஃபேர்வேக்கு (புல் கத்தரித்த ஆட்டப்பாதை) பந்தைத் தள்ளிவிடுவதே இங்கே நல்ல ஆட்டம். அது பக்கவாட்டில் இருந்தாலும், சில நேரம் பின்னால் இருந்தாலும் சரிதான்.

ஆட முடியாத பந்து என்று அறிவித்து ஓர் அபராத அடியை ஏற்பது எப்போதும் தப்பிக்கும் வழி ஆகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு மட்டை நீளம் அளந்தால் அந்த இடமும் ஹெதராகவே இருக்கக்கூடும். அப்போது குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் வேண்டிய தூரம் பின்னால் போவதோ, முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவதோதான் வழி. இன்னொன்று, ஒத்திகை வீச்சில் தண்டுகளை ஒடித்து மட்டைக்கு வழி செய்துகொண்டால், வளரும் செடியை மாற்றி நிலைமையைச் சாதகமாக்கிக்கொண்ட குற்றத்துக்கு, அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இரண்டு அபராத அடிகள் சேரும். 2019 முதல் பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். எனவே ஹெதரை நோக்கிப் பந்து போன உடனேயே, தற்காலிகப் பந்து ஆடுவதாகச் சொல்லிவிட்டு மற்றொன்றை அடித்துவிட்டே நடக்க வேண்டும். ‘தற்காலிகப் பந்து’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் அடித்தால் முதல் பந்து ஆட்டத்திலிருந்து நீங்கியதாகவே கணக்கு.

முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் கோர்ஸ் புதரில் விழுந்த பந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: விட்டுவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து நம் நீலகிரியில் அந்நியக் களையாகப் பரவிக் கிடப்பது இதே செடிதான். ஊட்டிக்காரர்களுக்கு அதன் முள்ளை விளக்க வேண்டியதில்லை.

டீயில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்தில் நின்றதும், மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை உருவுவது அடுத்த தவறு. வோக்கிங்கின் நான்காம் குழியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளப் உறுப்பினர் ஸ்டூவர்ட் பேட்டன் ஃபேர்வேயின் நட்டநடுவே பங்கர் (மணற்குழி) வைத்தார். நேராக அடித்த பந்துக்குத் தண்டனையா என்று அப்போது உறுப்பினர்கள் கொதித்தார்கள். வலப்பக்கம் ரயில் பாதை ஓடுகிறது. அதையொட்டி ஆடத் துணிந்தவருக்கே கிரீனை (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) நோக்கி நல்ல கோணம் கிடைக்கும். எந்தப் பக்கத்திலிருந்து அடுத்த அடி எளிது என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற மட்டையைத் தேர்வதே இந்த மைதானங்கள் எதிர்பார்க்கும் கணக்கு. 1926 ஜூனில் சன்னிங்டேலில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றில் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 66 அடிகளில் முடித்தபோது, ஒவ்வொரு குழிக்கும் ஆன அடிகளைக் குறிக்கும் அவருடைய அட்டையில் 3, 4 தவிர வேறு எண்ணே இல்லை.

கோடையில் நிலம் காய்ந்து இறுகிவிடும். அப்போது கொடிக்கம்பத்தைக் குறிவைத்து உயர அடித்தால் பந்து துள்ளிப் பின்புறம் ஓடிவிடும். பதினைந்து, இருபது கஜம் முன்னால் விழவைத்து உருளவிட வேண்டும். கிரீனுக்கு வெளியே இருக்கும்போதும் வெட்ஜைவிட, பந்தைத் தரையில் உருட்டும் பட்டர் மட்டை பல நேரங்களில் பாதுகாப்பானது. நாலைந்து முறை ஆடினால்தான் கை இதற்குப் படியும்.

ஆட்டத்துக்கு வெளியே நேரும் தவறுகள் கிளப்காரர்களின் முகத்தைச் சுளிக்க வைக்கும். விருந்தினருக்கு இடம் பெரும்பாலும் வார நாட்களில்தான். ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று, உடை விதி, கைபேசி எங்கே கூடாது என்பவற்றை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பல பழைய கிளப்களில் ஃபோர்சம்ஸ் இன்றும் உயிரோடிருக்கிறது: இருவருக்கு ஒரே பந்து, மாறி மாறி அடி. ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளிலும் மற்றவர் இரட்டைப்படைக் குழிகளிலும் டீ அடிப்பார்கள். அபராத அடி சேர்ந்தாலும் முறை மாறாது என்பதைப் புதியவர்கள் மறந்து, அடுத்தவர் முறையில் அடித்துவிடுகிறார்கள். நால்வரும் தத்தம் பந்தை ஆடும் நாலு பந்து ஆட்டத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டு, பின்னால் வரும் ஃபோர்சம்ஸ் குழுவுக்கு வழிவிடாமலிருப்பது இங்கே பெரிய அவமரியாதை.

தனியார் கிளப் என்பதால் நிலம் முழுவதும் தங்களுடையது என்று நினைத்துவிடவும் கூடாது. வால்டன் ஹீத் போன்ற இடங்களில் பொதுமக்கள் நடக்கவும் குதிரையில் போகவும் உரிமை உண்டு. அவர்கள் கடக்கும்வரை காத்திருந்துதான் அடிக்க வேண்டும், குதிரை பக்கத்தில் இருக்கும்போது கத்தவும் கூடாது. தள்ளுவண்டியை ஹெதர் வழியாகக் குறுக்கே ஓட்டுவதும், காய்ந்த ஆகஸ்டில் சிகரெட் துண்டை வீசுவதும் மன்னிக்கப்படாதவை. மேய்ச்சல் நின்றபின் பிர்ச்சும் பைனும் புகுந்துவிட்ட நிலத்தில், மரங்களை வெட்டி ஹெதரை மீட்கப் பல கிளப்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன; மிதிபட்ட செடி ஒரு பருவத்தில் தழைத்துவிடாது. பந்தைத் தேடி உள்ளே இறங்குபவர் போன தடத்திலேயே திரும்பி வர வேண்டும் என்று என்னை அழைத்துச் சென்ற உறுப்பினர் சொன்னார். அன்று அந்தத் தடத்தில் நான் ஒன்பது முறை நடந்தேன்.