தூத்துக்குடியில் இரண்டு நாள்: பழைய துறைமுகங்களைத் தேடி ஒரு வார இறுதிப் பயணம்

தூத்துக்குடிக்கு வருவோரில் பலர் திருச்செந்தூருக்குப் போகும் வழியில் இறங்கி, ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு, ஊரை நின்று பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் இந்த ஊருக்கென்றே ஒதுக்க முடிந்தால், பாண்டிய நாட்டின் துறைமுகம் எங்கே தொடங்கி, எப்படி இடம்பெயர்ந்து, இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பலாம். முதல் நாளை இன்றைய நகருக்கும், இரண்டாம் நாளைக் கடல் விலகிப்போன பழைய துறைகளுக்கும் கொடுப்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

பிப்ரவரியும் மார்ச்சும் இதற்கு ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது, உப்பளங்களிலும் வேலை தொடங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், துறைமுகத்தின் சுறுசுறுப்பைப் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து வருவோருக்கு, எழும்பூரில் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை வந்து சேரும் முத்துநகர் எக்ஸ்பிரஸைவிட வசதியான வழி கிடையாது. வாஞ்சி மணியாச்சி சந்திப்புக்கு முன்பே விழித்துக்கொள்ளுங்கள். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது இந்த நிலையத்தில்தான்; சுதேசிக் கப்பல் முயற்சியை ஒடுக்குவதில் ஆஷுக்கும் பங்கிருந்தது என்பதால், தூத்துக்குடியின் கப்பல் கதை உங்களுக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது. மணியாச்சியிலிருந்து பிரிந்து போகும் இந்தப் பாதை 1876-இல் போடப்பட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இதே பாதையில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள்.

சனிக்கிழமை அறையில் பையை வைத்த கையோடு தெரேஸ்புரத்துக்குப் போங்கள். பல நாள் ஆழ்கடலில் தங்கிய நாட்டுப்படகுகள் பெரும்பாலும் அன்றுதான் கரை திரும்பும். சீலா, விளைமீன், ஊளி, பாறை என்று வகை பிரித்துத் தரையில் கூறு வைத்து, மூச்சு விடாமல் ஏலம் கூறுவதைச் சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். மீன் சுமப்பவர்களின் பாதையில் நிற்கக்கூடாது என்பது மட்டுமே அங்கே விதி. நான் முதன்முறை ஞாயிற்றுக்கிழமை போய், கட்டிப்போட்ட படகுகளை மட்டும் பார்த்துத் திரும்பினேன். இக்கரையின் மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை.

அங்கிருந்து தூய பனிமய மாதா பேராலயம் அருகில்தான். 1542-இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறையின் தாய்க்கோயில் இது; 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் திருவிழாவின்போது வருவதாக இருந்தால், அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது என்றாலும் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். வங்காளப் பெண்கள் அணியும் வளையல்களுக்கு இங்கிருந்துதான் சங்கு போயிற்று.

கடற்கரைச் சாலையில் நடக்கும்போது ஒரு பெயர் ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் இவ்வூரைப் பறித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப்பெயர் வி.ஓ.சி.; கொழும்புக்குக் கப்பல் விட்டு ஆங்கிலேயரின் ஏகபோகத்தை எதிர்க்க 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவரின் பெயர்ச்சுருக்கமும் அதுவே. ஊர் மக்களிடமும் வணிகர்களிடமும் பங்குப்பணம் திரட்டி, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களை வ.உ.சிதம்பரனார் வாங்கினார். போட்டிக்கு ஆங்கிலேயக் கம்பெனி செய்த கட்டணக் குறைப்பாலும் அரசின் நெருக்கடியாலும், 1908-இல் அவர் சிறைப்பட்டதாலும் கம்பெனி நொடித்துப்போனது. 1974-இல் திறக்கப்பட்ட பெரிய துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனுள் அனுமதியின்றி நுழைய முடியாது. அதைப் பார்க்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம், ஏனெனில் அரிய காட்சி பழைய துறைமுகத்தில் இருக்கிறது.

அந்தக் காட்சி தோணிகள்தான். மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போன இந்த மரக்கலங்களில் இப்போது இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தாலும், உடலைக் கட்டும் முறை மாறவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் பயணத்தை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்புக்கு நிற்கும். அப்போது போனால், பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை உளிபோன்ற கருவியால் சிறிது சிறிதாகச் செலுத்திக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவதைக் காணலாம். இதற்குக் கலப்பத்து என்று பெயர். ஒரே சீராகக் கேட்கும் அந்த ஓசையைக் கால் மணி நேரமாவது நின்று கேளுங்கள். வேலை செய்பவரிடம் முதலில் வணக்கம் சொல்லி, கேட்டுக்கொண்ட பிறகே படம் எடுங்கள்.

பகலில் வெயிலுக்கு ஓய்வெடுத்துவிட்டு, இரவு எட்டு மணிக்குமேல் மீன்பிடித் துறைமுகம் போகலாம். அதிகாலையில் போன விசைப்படகுகள் இங்கே அன்றிரவே திரும்பிவிடும் என்பதால், மற்ற ஊர்களில் விடியலில் காணும் பரபரப்பை இங்கே இரவில் காணலாம். இரவு உணவுக்குப் பரோட்டாவும் சால்னாவும்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே வாடகைக் காரில் திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். ஊரைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. பாத்திகளில் வாரிக் குவித்த உப்பு வெயில் ஏறினால் கண்ணைக் கூசும். அதன்பின் முதலில் பார்க்க வேண்டிய ஊர் கொற்கை. சங்கப் பாடல்கள் முத்துக்காகப் போற்றிய, கிரேக்கரும் அறிந்திருந்த அந்தப் பெருந்துறையில் இன்று வாழைத் தோட்டங்களும் வயல்களும் ஒரு குளமும் முதிய வன்னி மரமும் மட்டுமே உள்ளன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை முன்னே தள்ளிவிட்டதால், கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. அறுத்த சங்குத் துண்டுகள் அகழாய்வில் கிடைத்த மண் இது. கொற்கை தூர்ந்தபின் பழையகாயல் துறையானது. மார்க்கோ போலோ காயல் என்று குறித்தது அதைத்தான் என்பர். அதுவும் தூர்ந்தபின்னரே தூத்துக்குடி தலையெடுத்தது.

அடுத்து, காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள் அல்லது மணப்பாடு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் மணப்பாட்டையே சொல்வேன்: 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்றின்மேல் ஏறினால், பழைய மாலுமிகள் இந்த முனையை ஏன் தேடி வந்தார்கள் என்பது விளங்கும். ஞாயிறன்று திருச்செந்தூர்க் கோயில் வரிசையில் நின்றால் மீதிப் பகல் அங்கேயே போய்விடும். முருகனைத் தரிசிக்க வேறொரு முறை தனியாக வாருங்கள்.

திரும்பும் ரயிலுக்கு முன் மக்ரூன் வாங்கும்போது, முந்திரிப் பருப்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை மூன்றும் சேர்ந்த அந்தப் பண்டம் ஈரக்காற்றில் விரைவில் பதத்துப்போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்தே ஒரு மூடி இறுகிய டப்பாவைக் கொண்டுபோய், கடையில் எடை போட்டதும் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.