சொந்த ஊரை வெளியூராக்கிப் பார்ப்பது எப்படி?

நெடுநாள் வாழ்ந்த ஊரில் நாம் பெரும்பாலும் தெருக்களைப் பார்ப்பதில்லை. அவற்றைக் கடந்து போகிறோம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள சாலையில் எத்தனை சந்துகள் பிரிகின்றன என்று யாரேனும் கேட்டால், தினமும் நடக்கிற வழியாக இருந்தாலும், சற்றுத் திகைத்துத்தான் பதில் சொல்வோம். அதே நாம் லிஸ்பனிலோ இஸ்தான்புல்லிலோ போய் இறங்கினால், முதல் நாள் பொழுது சாய்வதற்குள் தெருமுனைகள், படிக்கட்டுகள், மாடி முகப்புகள், கதவுகளின் நிறங்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துவிடுகிறோம். இரண்டு இடத்திலும் கண் ஒன்றுதான். வழி தெரியாது என்ற நிலைமை மட்டுமே வேறு. அந்த நிலைமையைப் பயணச்சீட்டு எடுக்காமலே உண்டாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஊரைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தொலைவிலுள்ள ஒரு நகரமாகப் பாவித்து, அந்த நகரத்துக்கு வந்திறங்கிய வெளியூர்க்காரராக அதற்குள் நடப்பதே அது.

கால்வாய் ஓடினால் வெனிஸ், கோபுரம் உயர்ந்தால் பாரிஸ் என்று பட்டம் சூட்டுவது சுற்றுலா விளம்பரங்களின் பழக்கம். அப்படிச் சூட்டிய பட்டம் அன்றைக்கே சலித்துவிடும். தோற்ற ஒற்றுமையைச் சொல்லி முடித்த பிறகு மேற்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. தெருக்கள் எப்படிப் பிரிகின்றன, முகவரி எப்படி அமைகிறது, பழைய பகுதியும் புதிய பகுதியும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன, மழையும் வெயிலும் வந்தால் மனிதர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பன போன்றவற்றை ஒப்பிட்டால்தான் நடைக்கு வேலை இருக்கும். அந்த ஒப்புமை எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறதோ அந்த இடத்தில்தான் நம்முடைய ஊர் தன் சொந்தக் குணத்தைக் காட்டுகிறது. பொருத்தமான நகரத்தைத் தேடுவது வேலையில் பாதி என்றால், பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிப்பது மறுபாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

பகுதிகளைப் பிரித்தல்

நிர்வாகம் வகுத்த வார்டு எல்லைகள் இதற்கு உதவமாட்டா. அவை காகிதத்தில் இருப்பவை. நடப்பவரின் மனத்தில் இருப்பவை அல்ல. அமெரிக்க நகரத் திட்ட அறிஞரான கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்தவர்களிடம் பேசியும் வரைபடம் வரையச் சொல்லியும் செய்த ஆய்வை 1960-இல் வெளியிட்டார். மனத்திலுள்ள ஊர்ப்படம் பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்தினால் ஆனது என்பது அவருடைய முடிவு. நமக்கு முதலில் வேண்டியது விளிம்புகள். ரயில் பாதை, ஆறு, நெடுஞ்சாலை, முடிவில்லாமல் நீளும் மதில் சுவர் ஆகியவற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரும்பாலும் வேறுவேறு ஊர்களாகவே இருக்கும்.

கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் ஊரை நினைவிலிருந்து வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. வரைந்து முடித்ததும் உண்மையான வரைபடத்தை அருகில் வைத்துப் பார்த்தால், வழக்கமாகப் போகும் வழிகள் இருக்க வேண்டியதைவிட நீண்டும், போகாத இடங்கள் சுருங்கியும், சில இடங்கள் அடியோடு காணாமலும் இருக்கும். காணாமல் போன இடங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. அங்கே வெளியூர்க்காரராக நடிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. ஒரு பகுதி என்பது நிதானமாகச் சுற்றிவர ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும் அளவில் இருந்தால் போதும். நான்கைந்து பகுதிகளுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

எந்தப் பகுதிக்கு எந்த நகரம்

கட்டம் போட்டது போல் நேர்த்தெருக்கள் வெட்டிக்கொள்ளும் குடியிருப்புகளை எல்லாரும் ‘பார்க்க ஒன்றுமில்லாத இடம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்தப் பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அதற்கு பார்சிலோனாவைக் கொடுங்கள். 1859-இல் ஒப்புதல் பெற்ற, பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தாவின் நகர விரிவாக்கத் திட்டத்தில், ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களின் நான்கு மூலைகளும் சரிவாகச் சீவப்பட்டன. அதனால் ஒவ்வொரு தெருச் சந்திப்பும் எட்டு முக வெளியாக விரிந்து, வண்டிகள் திரும்புவதற்கும் எதிரே வருவதைப் பார்ப்பதற்கும் இடம் கிடைத்தது. இதை மனத்தில் கொண்டு உங்கள் பகுதியின் ஒரு முனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். மூலை வீட்டின் மதில் செங்குத்தாக மடங்குகிறதா, வளைந்திருக்கிறதா, சீவப்பட்டிருக்கிறதா? செங்குத்தாக மடங்கினால் சுவரின் விளிம்பில் இடுப்புயரத்துக்குச் சிராய்ப்பும் பூச்சு உதிர்ந்த செங்கல்லும் தெரியும். வண்டிகள் உரசிச் சென்றதன் தடம் அது. சில வீட்டார் அந்த மூலையைக் காக்க ஒரு கருங்கல்லை நட்டு வைத்திருப்பார்கள். செர்தா தாளில் தீர்த்த சிக்கலை உங்கள் தெரு ஒரு கல்லை வைத்துத் தீர்த்திருக்கிறது. இதைக் கண்ட பிறகு நூறு முறை கடந்த முனையை மறுபடியும் வெறுமனே கடந்து போவது கடினம்.

கட்டத்துக்குக் குறுக்கே ஒரு சாலை மட்டும் சாய்ந்து போகிறது என்றால் நியூயார்க்கின் மன்ஹாட்டனை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1811-ஆம் ஆண்டுத் திட்டம் நேர்த்தெருக்களை வகுப்பதற்கு முன்பிருந்தே பிராட்வே ஒரு பாதையாக இருந்தது. அது கட்டத்தை வெட்டிச் செல்லும் இடங்களில்தான் டைம்ஸ் சதுக்கம் போன்ற முக்கோண வெளிகள் உண்டாயின. உங்கள் ஊரிலும் சாய்ந்த சாலையே மூத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால், வீடுகள் வருவதற்கு முன் அந்த நிலம் எதற்காக இருந்தது என்பது ஓரளவு பிடிபடும். அது உண்டாக்கிய முக்கோணத் துண்டுகளில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். வேறெதற்கும் உதவாத வடிவம் என்பதால் அங்கே பெரும்பாலும் எதிர்பாராத ஒன்று குடியேறியிருக்கும்.

நெருக்கமான சந்துகள் உள்ள பழைய பகுதிக்கு வெனிஸ் பொருந்தும். தண்ணீர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், தேவை அதன் முகவரி முறை. வெனிஸில் வீட்டு எண்கள் தெருவாரியாக அல்லாமல், நகரின் ஆறு வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் நீள்கின்றன. ஆகவே எண் தெரிந்தாலும் இடம் தெரிவதில்லை. டோக்கியோவில் இன்னொரு விதம்: பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, முகவரி மனைத் தொகுதிகளின் எண்களைக் கொண்டு அமைகிறது. இந்த இரண்டையும் அறிந்துகொண்டு உங்கள் சந்துக்குள் நுழைந்து, அங்கே முகவரி எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். கதவு எண்ணைக் கொண்டா, ஒரு மரத்தைக் கொண்டா, இடிந்து போன ஒரு கட்டடத்தின் பெயரைக் கொண்டா? இல்லாத கட்டடத்தை வைத்து வழி சொல்லும் ஊர்கள் உலகெங்கும் உண்டு. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதியில் மோட்டார் வண்டிகள் நுழைவதில்லை. சுமைகளைக் கோவேறு கழுதைகள் கொண்டு செல்கின்றன. உங்கள் சந்து அதைப் போன்றது என்று தோன்றினால், ஒரு பெரிய பீரோ உள்ளே எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பழைய ஊரும் புதிய ஊரும் எதிரெதிரே நின்றால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. மேட்டின் மீது நெருக்கியடித்துக் கிடந்த பழைய நகரத்துக்கு எதிரே, 1767-இல் ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டப்படி ஒழுங்கான புதிய நகரம் எழுந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஏரி வடிக்கப்பட்டு, அந்தப் பள்ளத்தில் இன்று பூங்காவும் ரயில் நிலையமும் இருக்கின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் ஊரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே என்ன கிடக்கிறது என்பதுதான். பள்ளமா, சாக்கடையா, ரயில் பாதையா, யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கா? ஊருக்குள் ஆறு ஓடுமானால் புடாபெஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள்: மேடான புடாவையும் சமதளமான பெஸ்டையும் 1849-இல் நிலையான பாலம் இணைத்துவிட்டபோதிலும், நிர்வாகத்தில் அவை ஒன்றானது 1873-இல்தான். பாலம் போட்டுவிட்டதாலேயே இரு கரைகளும் ஒரே ஊராகிவிடுவதில்லை. காலையில் கூட்டம் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போகிறது என்று பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் போதும். மேடும் படிக்கட்டும் உள்ள பகுதி லிஸ்பனின் அல்ஃபாமா ஆகலாம். 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் அந்நகரின் தாழ்வான மையப் பகுதி நேர்த்தெருக்களோடு புதிதாகக் கட்டப்பட்டது. அல்ஃபாமாவோ தன் வளைந்த சந்துகளைக் காப்பாற்றிக்கொண்டது.

கூரையிட்ட நடைபாதைகளுக்கு இத்தாலியின் போலோன்யாவைச் சொல்ல வேண்டும். அங்கே வீட்டு முகப்புகளை ஒட்டித் தூண்களோடு செல்லும் நடைகள் மொத்தம் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ அவற்றில் தேர்ந்தெடுத்த பகுதிகளை உலக மரபிடமாக அறிவித்தது. இடம் தனியாருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும். உங்கள் பகுதியில் அப்படிப் பொதுவழியாகவே மாறிவிட்ட தனியார் இடம் எது என்று தேடுவது ஒரு நாள் நடைக்குத் தாராளமாகக் காணும்.

நடக்கும் நாள்

புறப்படுவதற்கு முன் அந்தத் தொலைதூர நகரத்தைப் பற்றி அரைமணி நேரம் படித்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் படித்தால் அந்த நகரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அடுத்து, வழக்கமான வழியில் நுழையாதீர்கள். பகுதியின் மறுகோடிக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து உள்ளே வாருங்கள். தெரிந்த கட்டடத்தின் பின்புறத்தை முதலில் பார்ப்பதே பாதி அந்நியத்தைத் தந்துவிடும். வழக்கமாக மாலையில் போகும் இடத்துக்கு விடியற்காலையில் போங்கள். பொழுதை மாற்றுவது, ஊரை மாற்றுவதைவிட மலிவானது.

இன்னும் துணிச்சலான ஒரு முறையும் உண்டு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கை டெபோர், தன் நண்பர் ஒருவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில் லண்டன் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி அலைந்ததை 1955-இல் எழுதினார். அதை நீங்களும் செய்யலாம். தேர்ந்தெடுத்த நகரத்தின் வரைபடத்தையும் உங்கள் பகுதியின் வரைபடத்தையும் ஒரே அளவில், ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்ற கணக்கில், அச்சிடுங்கள். முதலாவதிலிருந்து ஒரு நடைவழியை, ரயில் நிலையத்திலிருந்து ஒரு சதுக்கம் வரை என்பதுபோல, ஒளி ஊடுருவும் தாளில் பிரதியெடுத்து, வடக்கு வடக்கோடு சேரும்படி இரண்டாவதன் மீது வையுங்கள். வழி சுவருக்குள் போனால், அதே திசையில் திரும்பும் அடுத்த பொதுத் தெருவைப் பிடியுங்கள். எங்கெல்லாம் விலக வேண்டியிருந்தது, எது தடுத்தது என்று தாளிலேயே குறியுங்கள். அந்தக் குறிப்புகள் ஊரின் தடைகளை நேராகக் காட்டும்: யார் மதில் எழுப்பியிருக்கிறார்கள், எங்கே சந்து முட்டுச்சந்தாக முடிகிறது, எந்தப் பெரிய மனை ஒரு வட்டாரத்தையே சுற்றிப்போக வைக்கிறது. ரயில் பாதையைக் கடப்பதும் பிறர் வளாகத்தில் நுழைவதும் மட்டும் வேண்டாம்.

நடத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது கற்பனை நகரமாக இருக்கலாம். அங்கிருப்பவர்களுக்கு அது வீட்டு வாசல். வசதி குறைந்த பகுதிகளைக் காட்சிப் பொருளாக்கும் பழக்கம் சுற்றுலாவுக்கே உரிய நோய், அதையும் சேர்த்து நடிக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்கள் தெரியும்படி படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். யாராவது என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தால் உண்மையையே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு குறுக்குவழி பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும்.

வீடு திரும்பியதும் தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் பொருந்தியவற்றையும் மறுபக்கம் பொருந்தாதவற்றையும் எழுதுங்கள். முதல் பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று ஒரு வரி சேர்க்க முயலுங்கள். விடை தெரியாத வரிகளே அடுத்த நடைக்கான கேள்விகள். பழைய நிலப்படங்களும் அங்கே நெடுநாள் வாழ்ந்த பெரியவர்களும் அவற்றில் சிலவற்றைத் தீர்த்துவைப்பார்கள். சில மாதங்கள் கழித்து அதே பகுதிக்கு வேறொரு நகரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பார்சிலோனாவாகப் பார்த்த கட்டத்தை டோக்கியோவாகப் பார்க்கும்போது, தெருமுனைகளை விட்டுக் கண் கதவு எண்களுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் ஒருவர் உடன் வர இசைந்தால், நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இம்முறை அவரிடமே விட்டுவிடுங்கள்.