எஃப்எம் அலையில் விமானம் தேடியபோது

பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்து விமானங்கள் நன்றாகத் தெரியும். எஃப்எம் ஒலிபரப்பு அவற்றில் பட்டுத் திரும்புவதைப் பிடித்தே ரேடார் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நேரடி அலைக்கு ஒரு ஆன்டெனா, எதிரொலிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்.

ஒரு வாரம் திரையில் மங்கல்தான். இரண்டு டாங்கிளுக்கும் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் தனித்தனி என்பதால் ஃபேஸ், அதாவது இரண்டு பதிவுகளின் அலைப் பொருத்தம், நழுவிக்கொண்டே போனது. ஒன்றின் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றி, மற்றதன் கடிகாரத்தையே கம்பி இழுத்துக் கொடுத்தேன். நழுவல் நின்றது.

அப்புறம் கணக்கு. எதிரொலியின் ஸ்பெக்ட்ரத்தை (அதிர்வெண் வாரியான பிரிப்பை) நேரடி அலையின் ஸ்பெக்ட்ரத்தால் வகுத்தால் பாட்டின் சாயல் நீங்கி, விமானத்தைக் காட்டும் உச்சி கூர்மையாகும் என்று நம்பினேன். ஆனால் அறிவிப்பாளர் பேச்சை நிறுத்தும் நொடியில் ஸ்பெக்ட்ரம் சுருங்கிவிடுகிறது. சுழிக்குப் பக்கத்து எண்ணால் வகுத்தால் இரைச்சல்தான் பெருகும். தகவலைப் பல சிறு அலைகளில் பிரித்து அனுப்பும் டிஜிட்டல் முறையான ஓஎஃப்டிஎம்மில், ஃபேஸை மட்டும் மாற்றும் க்யூபிஎஸ்கே என்றால் எல்லாக் குறியீட்டுக்கும் ஒரே வீச்சு, வகுத்தாலும் பெருக்கினாலும் வடிவம் ஒன்றே. எஃப்எம்முக்கு அந்த வசதி கிடையாது.

சரி என்று, இரண்டு அலைகளையும் பெருக்கிக் கூட்டி ஒற்றுமை பார்க்கும் வழக்கமான கோரிலேஷனுக்கே திரும்பினேன். ஆனால் அதற்கு முன், நேரடி அலையின் தாமதப் பிரதிகளை மிச்சம் மிகக் குறைவாகும்படி பொருத்தும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில் எதிரொலியிலிருந்து கழித்தேன். சுழி டாப்ளரில், அதாவது நகராதவை விழும் இடத்தில், நின்ற பெரிய சுவர் இறங்கியது. பக்கத்தில் ஒரு புள்ளி மெல்ல நகர்ந்தது. விமானம்! 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பாதை வித்தியாசத்தை 3 கிலோமீட்டர் அளவுக்குத்தான் பிரிக்க முடியும், பேச்சு நின்று அகலம் சுருங்கினால் இன்னும் மோசம், அதனால் இப்போதெல்லாம் பாட்டு ஓடும்போதே பதிவு செய்கிறேன்.