கூடைப்பந்து வர்ணனையாளராகப் பயிற்சி பெறுவது எப்படி?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணி ஒன்றுக்கு நேரடி வர்ணனை செய்ய விரும்புபவர், தொலைக்காட்சியே இலக்காக இருந்தாலும், பயிற்சியை வானொலி முறையில் தொடங்க வேண்டும். படம் இல்லாதபோது பந்தைக் கேட்பவர் கண்முன் நிறுத்தச் சொல்லைத் தவிர வேறு துணை கிடையாது.

முதலில் 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட ஆடுகளத்தைப் பகுதி பகுதியாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1940களில் நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்த மார்ட்டி கிளிக்மன் இந்த வழியைத்தான் வகுத்துக் காட்டினார். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதா, பக்கக்கோட்டருகே இருக்கிறதா, ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) வட்டத்தின் உச்சியில் நிற்கிறதா என்பதை அவர் இடைவிடாமல் சொன்னதால், வீட்டிலிருந்தவர்களும் ஆடுகளத்தைக் கண்டார்கள்.

பிறகு, ஓர் ஆட்டத்தின் ஒலியை அணைத்துவிட்டு, திரையைப் பார்த்து வர்ணித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கண்களை மூடிக்கொண்டு அதைக் கேட்டு, பந்து யாரிடம், எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அணி 24 விநாடிக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பதால், அலங்காரச் சொற்களுக்கு நேரமே இராது. புள்ளி நிலவரத்தை அடிக்கடி சொல்வதும் பலருக்கு மறந்துபோகும். பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், இதற்காகவே ஒரு சிறு மணற்கடிகாரத்தைத் தம் முன்னே வைத்திருந்தார்.

குரலை உயர்த்துவதில் மட்டும் அவசரம் வேண்டாம். 1965 ஏப்ரல் 15 அன்று, பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்த கடைசி விநாடிகளில், அதன் வீரர் ஜான் ஹாவ்லிசெக் பந்தைப் பறித்ததை அந்த அணியின் வானொலி வர்ணனையாளர் ஜானி மோஸ்ட் கூவி அறிவித்த வர்ணனை இன்றும் நினைவுகூரப்படுகிறது. எதிரணியின் ஹால் கிரீர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை ஆடுகளத்துக்குள் எறிகிறார் என்று மோஸ்ட் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்ததால்தான், அந்தக் கூவல் கேட்டவர்களுக்குப் பொருள்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்டத்திற்கு முன்பு இரு அணி வீரர்களின் எண்களையும் புள்ளிவிவரங்களையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யானிஸ் அடெட்டோகூன்போ போன்ற பெயர்களின் உச்சரிப்பை, ஊகிக்காமல், அணியின் ஊடகப் பிரிவினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரது பெயரைச் சிதைக்காமல் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

வேலைக்கான பாதை பெரும்பாலும் கல்லூரி வானொலி, உயர்நிலைப் பள்ளி ஆட்டங்கள், ஜி லீக் (என்.பி.ஏ.வின் வளர்ச்சி லீக்) அணிகள் என நீளும். என்.பி.ஏ. பருவத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ பாதி வெளியூரில் நடப்பதால், உடல்நலமும் தொண்டையும் தொழிலின் முதலாகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் சிக் ஹெர்ன், 1965 முதல் 2001 வரை தொடர்ந்து 3,338 ஆட்டங்களை வர்ணித்தார்.

விண்ணப்பத்துடன் அனுப்பும் மாதிரிப் பதிவில், கடைசி விநாடி வெற்றிகளை மட்டும் வெட்டி ஒட்டாமல், பரபரப்பில்லாத இரண்டாம் காற்பகுதியிலிருந்து ஐந்து நிமிடங்களைத் தொடர்ச்சியாகச் சேருங்கள். பருவத்தின் பெரும்பகுதி அத்தகைய நிமிடங்களால் ஆனது என்பதை, உங்களைத் தேர்வு செய்பவர் நன்கு அறிவார்.