இன்சுலேஷன் போட்டும் பைப் வேர்க்கிறதா? நீங்களே சரிசெய்யலாம்

ஏசியின் செம்புக் குழாய்க்குக் கறுப்பு ரப்பர் உறை போட்டுத்தான் இருக்கும், ஆனாலும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், கீழே சுவரில் மஞ்சள் கறை படர ஆரம்பிக்கும். எனக்கு முதல் தடவை இப்படி ஆனபோது உறைக்கு மேலேயே டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் சொட்டியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஈரம், கிளாம்ப் எல்லாம் துரு. நான் சுற்றிய டேப் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் குழாய்க்குள் இருந்து வருவதில்லை, சுற்றியுள்ள காற்றிலிருந்து வருகிறது. காற்று ஓரளவுக்கு மேல் குளிர்ந்தால் அதில் இருக்கும் ஆவி நீராகிவிடும், அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மனக்கணக்காகப் போட ஒரு வழி: 100-இலிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, அதை 5-ஆல் வகுத்து, வருவதைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26. அதாவது 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். (ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும்.) பெரிய கட்டடங்களின் ஏசியில் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோகும் குளிர்நீர்க் குழாய்க்குள் தண்ணீர் 6, 7 டிகிரியில் இருக்கும், அப்புறம் வேர்க்காமல் என்ன செய்யும்?

உறைக்கு இரண்டு வேலை. வெளிப்பரப்பைப் பனிநிலைக்கு மேலே வைத்திருப்பது ஒன்று, காற்று குழாயைத் தொடாமல் தடுப்பது இன்னொன்று. முதலாவதுக்காகத் தடிமனாக வாங்கிவிடுகிறோம், இரண்டாவதைக் கோட்டை விடுகிறோம். ஒரு சின்ன இடைவெளி போதும், ஈரக்காற்று உள்ளே போய்க் குழாய்மேல் நீராகும், அந்த நீர் உறையை நனைக்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த உறை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் இது வேர்ப்பா ஒழுகலா என்று பாருங்கள். குளிரூட்டலை நிறுத்தி, எல்லாவற்றையும் துணியால் துடைத்து, சந்தேகமான இடத்தில் டிஷ்யூ பேப்பர் சுற்றி விடுங்கள். தண்ணீர்க் குழாயில் நிறுத்திய பிறகும் பேப்பர் நனைந்துகொண்டே இருந்தால் அது ஒழுகல், பிளம்பர் வேலை. ஏசியில் மட்டும் ஒரு குழப்பம் வரும், அதன் வடிகால் குழாய் ஒழுகினாலும் நிறுத்தியதும் சொட்டுவது நின்றுவிடும். அதற்கு உள் யூனிட்டின் தட்டில் மெதுவாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வேர்ப்புதான் என்றால் நனைந்த பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். காயவைத்துத் திரும்பப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம். உலர்ந்த உறை வரும்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள். கத்தி குழாயில் படக் கூடாது, செம்பு மெல்லியது. இரும்புக் குழாயாக இருந்தால் துருவைத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். உறைக்குள் ஒளிந்து அரிக்கும் துரு வெளியே தெரியவே தெரியாது, ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

புது உறை வாங்கும்போது மூடிய துளைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் கேளுங்கள், தண்ணீரை உறிஞ்சும் சாதா ஸ்பாஞ்ச் ஆகாது. உறையின் உள்விட்டம் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், தொளதொளவென்று இருந்தால் அந்த இடைவெளியில் காற்று ஓடும். 9 மில்லிமீட்டர் தடிமனில் போட்டு வேர்த்தது என்றால் 19-க்குப் போங்கள். ஏசியின் இரண்டு குழாய்களையும் ஒரே உறைக்குள் திணிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

குழாய் உலர்ந்து, குளிர்ச்சி போய் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் உறையை மாட்ட வேண்டும். உறையை நீளவாக்கில் ஒரே கோடாக வெட்டித் திறங்கள். தேவையான நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, நெருக்கிப் பொருத்துங்கள், இழுத்துப் பொருத்தினால் நாளாக ஆக இணைப்பு வாய் பிளந்துவிடும். அந்த ரப்பருக்கென்றே விற்கும் பசையை இரண்டு வெட்டுமுகங்களிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்துங்கள். பொறுமையில்லாமல் ஈரமாகவே ஒட்டியவர்கள் எல்லோரும் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள், நானும்தான். உறையின் முனைகளையும் சில சென்டிமீட்டருக்குக் குழாயோடு ஒட்டிவிடுங்கள், ஓரிடத்தில் ஈரம் நுழைந்தாலும் மொத்த நீளத்துக்கும் ஓடாது.

அதிகத் தொல்லை தருவது கிளாம்ப். இரும்புக் கிளாம்ப் நேரடியாகக் குழாயைப் பிடித்திருந்தால் குளிர்ச்சி அதன் வழியாக வெளியே வந்து கிளாம்ப்பே வேர்க்கும், உறைக்கு மேலே இறுக்கிப் பிடித்தால் உறை நசுங்கி அந்த இடத்தில் மெலிந்துவிடும். குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் உறையின் தடிமனுக்குச் சமமான மரக்கட்டையோ கெட்டி ஃபோம் கட்டையோ வைத்து, இரண்டு பக்க உறையையும் அதோடு சேர்த்து ஒட்டுவதுதான் சரியான வழி. கேபிள் டை போட்டு இறுக்குவதும் நசுக்குவதுதான். வளைவுகளில் உறையை மடக்காதீர்கள், சாய்வாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டுங்கள். வால்வை அப்படியே விட்டுவிடாமல் ஷீட் வெட்டி மூடுங்கள்.

வெளியில் ஓடும் பகுதிக்கு வெயில்தான் எதிரி, நைட்ரைல் ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். அதற்கான பெயிண்ட் அடியுங்கள், இல்லையென்றால் அலுமினியத் தகட்டால் மூடுங்கள். நீளவாக்கு ஒட்டு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும், மழைநீர் இறங்காது.

பசை காய ஒரு நாளாவது விட்டுப் பிறகு ஓடவிடுங்கள். புழுக்கமான ஒரு நாளில் கையால் தடவிப் பாருங்கள். ஒரே ஓர் இடம் நனைந்திருந்தால் அங்கே ஒட்டு சரியில்லை, சாக்பீஸால் குறித்து அதை மட்டும் பிரித்து ஒட்டினால் போதும். முழு நீளமும் ஒரே சீராக வேர்த்தால் தடிமன் போதவில்லை, மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள், இரண்டு அடுக்கின் ஒட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று வராமல்.